ஹைட்ரஜன் வண்டியில் நான் போட்ட வெள்ளைக் கோடு

1

நான் கட்டியவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அடக்கமாகப் பேசுவது படித்தவர்களுக்கு அழகாக இருக்கலாம். எனக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை.

கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி, இன்றைக்கு என் தம்பி குடியிருக்கும் மாடி வீடு நான் கட்டியது. அஸ்திவாரம் தோண்டும்போது தண்ணீர் ஊற்று அடித்து, கொத்தனார் "இது ஆகாது" என்று சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் லீவில் ஊருக்குப் போய், குழிக்குள் இறங்கி நின்று எழுப்பினேன். முதலமடை மாந்தோப்புக்குத் தண்ணீர் வராது என்று மூன்று பேர் சொன்ன இடத்தில் ஆழ்குழாய் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். ஓமனுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு பழைய வெல்டிங் மெஷின், நிழலுக்கு ஒரு தார்ப்பாய். இன்றைக்கு என் கேரேஜில் பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். லாரியின் சேஸ் வளைந்து வந்தால் இந்தக் கடற்கரை முழுக்க "கிட்டுச்சாமியிடம் கொண்டு போ" என்றுதான் சொல்வார்கள். என் மகன் செந்திலை இன்ஜினியர் ஆக்கினேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதுவும் மாங்காய்ச் சீசனில் பள்ளிக்கூடம் போகாத நாலாம் வகுப்பு. இதை எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். என் மனைவி சரசு பார்த்துச் சரிசெய்கிறாள்.

மேலே சொன்ன எதையும் யாரும் மறுக்கவில்லை. மறுப்பது கடைசியாக நான் செய்த ஒன்றைத்தான். அது ஒரு கோடு. நாலு விரல் நீளம், வெள்ளைப் பெயின்ட். அதற்காகத்தான் போன வியாழக்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேரேஜுக்குப் போனால் வீட்டுக்கு வரத் தோன்றுகிறது, வீட்டுக்கு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போகத் தோன்றுகிறது. மூன்று முறை கடல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

2

வியாழக்கிழமை ஹைட்ரஜன் கம்பெனியில் விழா. ஒரு வருஷமாக வண்டி எதுவும் சேதமில்லாமல் ஓடியதற்குக் கேக் வெட்டினார்கள். அவர்களுடைய வண்டிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தம் என் கேரேஜுக்கு. என் மகனும் அங்கேதான், பாதுகாப்புப் பிரிவில் வேலை.

ஊரில் இருப்பவர்களுக்கு ஹைட்ரஜன் சமாச்சாரம் புரிவதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே வெயிலும் காற்றும் அளவில்லாமல் கிடக்கின்றன. நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பெரிய காற்று என்று நான் சொல்லித் திரிந்தவன். இங்கே வந்து வாயை மூடிக்கொண்டேன். சோலாரும் காற்றாடியும் வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் கிடைக்கிறது. எரித்தால் புகை கிடையாது. எடுப்பதைவிட, எடுத்ததைப் பிடித்து வைப்பதும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதும்தான் பெரும்பாடு. உலகத்தில் இதைவிடச் சின்ன வாயு கிடையாது. எந்த இடுக்கிலும் நுழைந்து வெளியே வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரு பெரிய அறை நிறைய அடைத்தாலும் ஒரு பூசணிக்காய் எடை தேறாது. அதனால் அமுக்கி அமுக்கி, லாரி டயரில் இருப்பதைவிட இருபத்தைந்து முப்பது மடங்கு அழுத்தத்தில், நீண்ட உருக்குக் குழாய்களில் அடைக்கிறார்கள். ஒன்பது குழாய்களை ஒரு ட்ரெய்லரில் படுக்க வைத்தால் அதுதான் ஹைட்ரஜன் வண்டி. பாலைவனத்திலிருந்து துறைமுகப் பக்கத்து ஆலைக்கு அது போய் வருகிறது.

விழாவில் வாசல் சுவரில் ஒரு பித்தளைத் தகடு திறந்தார்கள். அதில் ஆங்கிலத்தில் பெயர்கள். எனக்கு அந்த எழுத்து வராது, கூட்டமும் நெருக்கியது. பக்கத்தில் நின்ற மாரியப்பனிடம் கேட்டேன். மாரியப்பன் இடுக்கியில் ஆனைக்கரைக்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். இங்கே வண்டிகளில் வாயு நிரப்புவது அவன்தான்.

"என்ற பேரு எத்தனாவதா இருக்குது மாரியப்பா?"

"அண்ணே, மேலருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவ பாத்துட்டேன். உங்க பேரு இல்லண்ணே."

"நல்லாப் பாரு."

"நாலு தடவ பாத்தாலும் இருக்கறதுதானண்ணே இருக்கும். செந்தில் தம்பி பேரு ரெண்டாவதா இருக்கு. கடைசில 'யார்டு டீம்'னு போட்ருக்கு. நீங்க, நானு, கக்கூஸ் கழுவுற பங்களாதேஷ்காரன், எல்லாரும் அதுக்குள்ளதான் அடஞ்சு கெடக்கோம்."

அப்போது திரையில் படம் ஓட ஆரம்பித்தது. குழாயின் பின்முனை, அதைத் தாங்கும் இரும்பு வளையம், இரண்டையும் தொட்டுப் போகும் வெள்ளைக் கோடு. செந்தில் மேடையில் நின்று ஆங்கிலத்தில் விளக்கினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

மாரியப்பன் என் விலாவில் இடித்தான். "அண்ணே, உங்க கோடு சினிமாவுல நடிக்குது. நீங்க டிக்கெட்டு வாங்கிட்டுப் பாத்துட்டு நிக்கீங்க."

நான் கேக் வாங்காமல் வந்துவிட்டேன்.

3

கோடு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கம்பம்மெட்டுக்குப் போக வேண்டும்.

இருபது வயதில் நான் ஒரு பொள்ளாச்சி முதலாளியின் லாரியில் இருந்தேன். மாங்காய்க் காலம் முடிந்ததும் வண்டி இடுக்கிக்குப் போய்விடும். ஆனைக்கரை, கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய் மூட்டை ஏற்றி, மலை இறங்கிக் கம்பத்தில் சேர்ப்போம். ஏலக்காய் மூட்டை லேசானது. உயரமாக அடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மொத்த அடுக்கும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். லோடு கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதை நான் சொல்லவில்லை, கம்பத்தில் மூட்டை இறக்கும் ஆட்கள் சொன்னார்கள். அவிழ்க்க முடியாமல் திட்டிக்கொண்டே சொன்னார்கள்: "இந்தக் கொங்கன் கட்டுன கயிறா? இவன் பொண்டாட்டி கழுத்துல போட்ட முடிச்சகூட இப்படிப் போட்ருக்க மாட்டான்யா!"

அந்த மலைப்பாதையில் லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்ததும் அடுப்புக்கரியால் கயிற்றின் மேலும் பக்கப் பலகையின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுப்போம். நாலு வளைவு இறங்கியதும் நிறுத்திப் பார்ப்போம். கோடு ஒன்றாக இருந்தால் கயிறு நழுவவில்லை. கயிற்றுக் கோடு ஒரு பக்கம், பலகைக் கோடு ஒரு பக்கம் என்று பிரிந்திருந்தால் லோடு நகர்ந்திருக்கிறது. இறங்கி இறுக்க வேண்டும். பிரிந்த கோட்டைப் பார்க்காமல் இறங்கிய ஒரு வண்டி பள்ளத்தில் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆடுகிற லோடு ஆளைக் கொல்லும். இது என் ரத்தத்தில் ஏறிய பாடம்.

அந்தப் பாடம்தான் இங்கே என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

4

ஒரு வருஷத்துக்கு முன்னால் இங்கே முதல் ஹைட்ரஜன் வண்டி கப்பலில் வந்து இறங்கியபோது, அதைச் சரிபார்த்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். வெறும் வண்டியாக ஒரு சுற்றுப் போனோம். பின்னாலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். குழாய்களின் முன்முனையை இறுக்கமாக முடுக்கியிருக்கிறார்கள். பின்முனை ஒரு வளையத்துக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கையால் தள்ளினால் ஒரு இம்மி இடைவெளி.

செய்தவனை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. இவ்வளவு பெரிய நாட்டில் செய்த வண்டியை இப்படி ஒரு பக்கம் கட்டாமல் விட்டிருக்கிறானே என்று சிரித்தேன். இரும்பு ஆப்புகள் வெட்டி எடுத்து, ஒவ்வொரு குழாயின் பின்முனைக்கும் வளையத்துக்கும் நடுவில் அடித்து இறுக்கினேன். மறுபடி ஓட்டினேன். சத்தம் செத்துப்போயிருந்தது.

மாரியப்பன்தான் கேட்டான்: "அண்ணே, அங்க ஒரு மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டிருக்கே, என்னமோ எழுதிருக்கு?"

"வெள்ளக்காரன் எதுலதான் ஸ்டிக்கர் ஒட்டல? உட்டா நம்ம நெத்தீலயும் ஒட்டுவான். நீ உன்ற சோலியப் பாரு."

எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. செந்தில் ஐம்பது அடி தூரத்தில் ஆபீஸ் கன்டெய்னரில் உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டிருந்தால் வந்து படித்திருப்பான். நான் கூப்பிடவில்லை. என் மகனிடம் போய் "இதைப் படித்துச் சொல்" என்று நிற்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

5

மூன்றாம் நாள் காலை வாயு நிரப்பினார்கள். வெயில் ஏறிவிட்டது. அமுக்கி நிரப்பும்போது வாயு சூடாகும், குழாயும் சூடாகும். இது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். நான் கேரேஜிலிருந்து ஒரு சாமான் கொடுக்க அங்கே போயிருந்தேன். வண்டியின் பின்பக்கம் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். நின்று மோந்து பார்த்தேன். கேஸ் கசிவை மூக்கால் கண்டுபிடிப்பதில் எனக்குப் பெரிய பேர். ஒன்றுமே மணக்கவில்லை. காற்றுச் சத்தம்தான் என்று நினைத்தேன்.

சத்தம் கேட்டு மாரியப்பன் பின்பக்க வால்வுப் பெட்டியைப் பார்த்து நடந்தான், கையால் மூடிவிடலாம் என்று. அப்போதுதான் பார்த்தேன். வால்வுப் பெட்டிக் கதவின் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. பெயின்ட் மட்டும் தானாக வெந்துகொண்டிருந்தது.

"மாரியப்பா, நில்றா!"

"என்னண்ணே, ஒரு வால்வுதான..."

"ஒரு அடி எடுத்து வெச்சீன்னா கால ஒடிச்சுப் போடுவேன்! நில்லுடா அங்கயே!"

பயிற்சி வகுப்பில் ஒன்று சொல்லியிருந்தார்கள். ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் போகும்வரை சூடும் பெரிதாகத் தெரியாது. சந்தேகம் வந்தால் காய்ந்த துடைப்பத்தை முன்னால் நீட்டிப் பார் என்று. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய இடத்தில் கடைசிக் கருவி துடைப்பமா என்று.

சுவரோரம் ஒரு ஈச்ச ஓலைத் துடைப்பம் சாய்ந்திருந்தது. எடுத்து, கை நீளத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மாரியப்பன் நின்ற இடத்தைத் தாண்டி ஒரு அடி வைத்தேன். வெறும் காற்றில் துடைப்பத்தின் நுனி 'குப்' என்று பிடித்துக்கொண்டது. மாரியப்பனின் மூக்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் மூன்று முழம் இருந்திருக்கும்.

அவனைச் சட்டையோடு பிடித்துப் பின்னால் இழுத்தேன். சிவப்புப் பொத்தானை அடித்தேன். வாயு வரத்து நின்றது, குழாய்களின் வாய்கள் தானாக மூடிக்கொண்டன. நடுவில் இருந்த சின்னக் குழாயில் மிச்சமிருந்தது எரிந்து தீர்ந்தது. எரிந்து தீர்ந்ததும் கண்ணுக்குத் தெரியவில்லை. பெயின்ட் கொப்புளிப்பது நின்றதை வைத்துத்தான் தெரிந்தது.

மாரியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, எம் பொண்ணுக்கு அடுத்த மாசம் காது குத்துண்ணே" என்றான்.

எல்லாம் அடங்கி, அனுமதி கிடைத்துப் பின்னால் போய்ப் பார்த்தேன். என் ஆப்பு ஒன்றைக் கையால் அசைத்துப் பார்த்தேன். வளையத்தோடு வார்த்ததுபோல நின்றது. பக்கத்தில் வாயு போகும் மெல்லிய குழாய், இணைப்பில் ஒரு மயிரிழை விலகியிருந்தது. அங்கிருந்துதான் கசிவு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்கு மணி நேரம் கழித்து, குழாய்கள் ஆறிய பிறகு மறுபடி போனேன். என் ஆப்புகளில் இரண்டு தாமாகக் கழன்று மண்ணில் கிடந்தன.

அப்போது விளங்கியது. சூடானால் குழாய் நீளும். அவ்வளவு நீளக் குழாயில் அது ஒரு நெல்மணி நீளம்தான். அந்த ஒரு நெல் நீளத்துக்குத்தான் அவர்கள் பின்முனையைக் கட்டாமல் விட்டிருந்தார்கள். நான் ஆப்பு அடித்து வழியை அடைத்தேன். போக இடமில்லாத இரும்பு பக்கத்து இணைப்பை நெம்பிவிட்டது. மஞ்சள் ஸ்டிக்கரில் எழுதியிருந்தது அதுதான் என்று பிறகு தெரிந்தது: இந்த முனையை இறுக்காதே.

6

மறுநாள் விசாரணை. தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் ஓமன் நாட்டு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், டீ வந்ததும் முதல் கோப்பையை எனக்குத் தந்தார். நான் தமிழில் சொல்ல, செந்தில் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்.

"ஆப்ப யார் அடிச்சதுன்னு கேக்கறாரு, அப்பா."

"நான்தான் அடிச்சேன்னு சொல்லு. சத்தம் வருதுன்னு அடிச்சேன். ஸ்டிக்கர் படிக்கத் தெரியாது, கேக்கவும் இல்ல. அதையும் சொல்லு."

செந்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம் ஏதோ சொன்னான். எனக்கு ஆங்கிலம் எழுத்துத்தான் வராது. காது இத்தனை வருஷம் இங்கேதான் இருந்திருக்கிறது. 'டீம்' என்று இரண்டு தடவை கேட்டது.

"துடைப்பத்த நீட்டி ஆள இழுத்தது யாருன்னு கேக்கறாரு."

"அதுவும் நான்தான்."

மறுபடி 'டீம்'.

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். "நான் சொன்னது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு. என்னடா இது?"

"அப்பா, கத்தாதீங்க. உங்க பத்தாக்கா எப்ப முடியுது?"

இங்கே தங்குவதற்குக் கொடுக்கும் அட்டையைப் பத்தாக்கா என்பார்கள். என் வயதில் அதைப் புதுப்பிப்பது ஒவ்வொரு முறையும் ஒரு யுத்தம். படிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்பார்கள். நாலாம் வகுப்பு என்றால் அப்படி ஒரு வரி கம்ப்யூட்டரில் இல்லை என்பார்கள். அப்பா பெயரை என் பெயராகவும் என் பெயரை அப்பா பெயராகவும் ஒரு முறை அடித்துவிட்டார்கள். அதைத் திருத்த ஒரு அபேக்ஷை மனு, அந்த அபேக்ஷையில் கையொப்பு மாறியிருக்கிறது என்று இன்னொரு அபேக்ஷை. கடைசியில், இந்த ஆள் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று ஹைட்ரஜன் கம்பெனி தரும் கடிதம்தான் என்னை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறது.

"நாலாவது படிச்ச ஆளு, சர்ட்டிபிகேட் இல்லாம ஹைட்ரஜன் வண்டில கை வெச்சாரு, தீ வந்துச்சு. இப்படி ஃபைல்ல ஏறினா, லெட்டர் யாருப்பா தருவாங்க? கான்ட்ராக்ட் போகும். பதினாறு பேரு போவாங்க. நீங்களும் அம்மாவும் ஏர்போர்ட்தான்."

நான் அவன் சட்டையை விட்டேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிய இடங்கள் குறைவு. அதனால்தான் இது உறுத்துகிறது.

7

அடுத்த வண்டிகள் வரவிருந்தன. எல்லா வண்டிக்கும் பின்முனை நகர வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் எப்படிப் பார்ப்பது? ஆப்பு மட்டுமல்ல, மணல் அடைத்தாலும் துரு பிடித்தாலும் சிக்கும். கம்பெனியில் அளக்கும் கருவி, ஒயர், விளக்கு என்று ஏதேதோ பேசினார்கள். மணல் காற்றில் அவை எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

எனக்குக் கம்பம்மெட்டுக் கரிக்கோடு ஞாபகம் வந்தது. ஒரு வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆறிய குழாயின் முனையிலும் வளையத்திலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தேன். நிரப்பும்போது நடுவில் ஒரு முறை பாருங்கள் என்றேன். கோடு ஒரு நெல் நீளம் பிரிந்திருந்தால் குழாய் நகர்கிறது, நிரப்பலாம். பிரியாமல் ஒன்றாகவே நின்றால், உடனே நிறுத்து.

மலையில் கோடு நகர்ந்தால் ஆபத்து. இங்கே நகராவிட்டால் ஆபத்து. இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட எனக்கு ஒரு தீ வேண்டியிருந்தது. சாதாரண விஷயம்தான் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். சாதாரணம் என்றால் எனக்கு முன்னால் யாராவது போட்டிருக்கலாமே? கையில் டிகிரி வைத்திருந்த பதினோரு பேர் அதைப் பேசிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

செந்தில் அதை அளந்தான், படம் எடுத்தான், எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு பிரிய வேண்டும் என்று அட்டவணை போட்டான். அது அவன் உழைப்பு, நான் மறுக்கவில்லை. இரண்டாவது மாதமே ஒரு வண்டியில் கோடு பிரியவில்லை. நிறுத்திப் பார்த்தால் வளையத்துக்குள் மணல் கல்லாக இறுகிக் கிடந்தது. இப்போது இந்தக் கம்பெனி வண்டி எல்லாவற்றிலும் என் கோடு ஓடுகிறது. வேறு நாட்டுக்கும் அனுப்பப்போகிறார்களாம். அறிக்கையில் யார் பெயர்? செந்திலின் பெயர். அதற்குக் கீழே, டீம்.

8

விழா முடிந்த மறுநாள் மத்தியானம் செந்தில் சாப்பிட வந்தான். சரசு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் நேராகக் கேட்டேன்.

"தகட்டுல என்ற பேரு ஏன் இல்ல?"

"உங்க நல்லதுக்குத்தான்ப்பா."

"கோடு போட்டவன் பேரப் போடறதுல என்னடா கெடுதல்?"

"கோடு எதுக்கு வந்துச்சுன்னு கேப்பாங்க. தீயால வந்துச்சு. தீ எதுக்கு வந்துச்சுன்னு கேப்பாங்க. ஆப்பால. ஆப்பு யாருதுன்னு கேப்பாங்க. ஒரு பேரு உள்ள போனா எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வரும்ப்பா. பாதி மட்டும் போட முடியாது."

சரசு இடையில் புகுந்தாள். "ஏனுங், அந்தத் தகட்டுல பேரு வந்தா ரசத்துல ருசி கூடீருமா? பத்தாக்கா புதுக்கற மாசமாப் பாத்து ஏனுங் இந்த ரோசம்? பேசாம சாப்புடுங்."

"நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் தெரியாது."

"எனக்கா தெரியாது? அன்னைக்கு ஊட்டுக்கு வந்து, ராத்திரி பூரா நடந்துட்டுக் கெடந்தீங்களே, அப்ப எனக்கு என்ன சொன்னீங்க? 'சரசு, அந்தாளு செத்திருந்தா நான்தான் கொன்னிருப்பேன்'னு சொன்னீங்களா இல்லீங்களா? இப்பத் தகட்டுல பேரு கேக்கறப்ப அத மட்டும் முழுங்கிப் போட்டீங்க."

செந்தில் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். என் மனைவி நாற்பது வருஷத்தில் என்னைப் பேச முடியாமல் அடித்தது இரண்டாவது முறை. முதல் முறை எதற்கு என்று எழுத மாட்டேன்.

அவள் சொன்னது உண்மை. மேடையில் கை தட்டல் கேட்டபோது எனக்கு வேண்டியிருந்தது கோடு மட்டும்தான். ஆப்பை டீமுக்கே விட்டுவிட நானும் தயாராக இருந்தேன். செந்தில் என் தப்பை மறைத்தான் என்று சொல்கிறேன்; மறைக்கட்டும் என்று ஒரு வருஷம் நானும்தான் இருந்திருக்கிறேன்.

அதோடு இன்னொன்று. மூன்று நாள் முன்பு மாரியப்பன் கேரேஜுக்கு வந்தான். புதிதாக எடுத்த ஆட்களுக்கு அவன்தான் வேலை சொல்லித் தருகிறான். "அண்ணே, கோட்ட எதுக்குப் பாக்கணும்னு பயலுக கேக்கானுவ. பேப்பர்ல போட்ருக்கு, பாருங்கன்னு சொல்றேன். ஒருத்தன் பாக்காமலே டிக் அடிச்சுட்டான். நான் என்னத்த சொல்ல? ஒரு மனுசன் நல்லதுன்னு நெனச்சு இறுக்குனாரு, தீ வந்துச்சு, நான் சாவ இருந்தேன்னு சொன்னா பயப்படுவானுவ. ஆனா செந்தில் தம்பி அதச் சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

டீம் இறுக்கியது என்றால் யாருக்கும் பயம் வராது. டீமுக்கு முகம் கிடையாது.

9

அடுத்த மாதம் என் பத்தாக்கா முடிகிறது. கடிதம் இன்னும் வரவில்லை. கேரேஜைப் பார்த்துக்கொள்ள, சர்ட்டிபிகேட் வைத்திருக்கும் ஒரு தமிழ்நாட்டுப் பையனிடம் பேசியிருக்கிறேன்; ஒப்பந்தம் அவன் பெயருக்கு மாறினால் பதினாறு பேரும் தப்பிப்பார்கள். எனக்கு வேறு ஏற்பாடு செய்யவில்லை. செந்திலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இங்கே வளர்ந்த பிள்ளை. பேசுவான், எழுத்து அவனுக்குப் படம். நான் ஆங்கிலத்தின் முன்னால் நின்றதுபோல அவன் இதன் முன்னால் நிற்பான். அதனால் சரசுவை அவனுக்கு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அவள் முதலில் மாட்டேன் என்றாள். இந்தப் பகுதியை எழுதிய பிறகு, "செரி, வாசிக்கறேனுங்" என்றாள்.

கம்பெனிக்கும், அந்த அதிகாரிக்கும், என் மகனுக்கும் நான் கேட்பது இது. கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

பித்தளைத் தகட்டைக் கழற்றுங்கள். அறிக்கையின் முதல் பக்கத்தைத் திறங்கள். 'டீம்' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை அடித்து நீக்குங்கள். அந்த இடத்தில் எழுதுங்கள்: ஸ்டிக்கரைப் படிக்காமல், மகனைக் கேட்க வெட்கப்பட்டு, ஆப்பு அடித்தவன் கிட்டுச்சாமி. மூக்கை நம்பித் தீயைத் தவறவிட்டவன் கிட்டுச்சாமி. துடைப்பத்தை நீட்டியவன் கிட்டுச்சாமி. கோடு போட்டவன் கிட்டுச்சாமி. நாலாம் வகுப்பு, கோவிந்தாபுரம். நான்கு வரியையும் போடுங்கள். ஒன்றைக்கூடக் குறைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.